பட்டு வெந்த தண்ணீர்

சாணியை வைத்து அடுப்பெரிக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எழுபத்தைந்தாம் வருஷம் காஞ்சிபுரம் தாலுகாவுக்கு நான்தான் சாண எரிவாயு மேற்பார்வையாளன். பெயர் ஆராவமுதன், வீடு சின்ன காஞ்சிபுரத்தில். பி.எஸ்ஸி. படித்தவன் தினமும் சாயங்காலம் சாணி நாற்றத்தோடு சைக்கிளில் திரும்பி வருவது எங்கள் தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. என் மனைவி வத்ஸலா வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பாள். முழங்கால் வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே அனுமதி. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் விறகடுப்புதான். மாடு இல்லாதவனுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

அந்த வருஷம் ஏழு வீடுகளில் தொட்டி கட்டினோம். ஒன்றில் கொத்தனார் பாதியில் ஓடிவிட்டார். ஒன்றில் அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் மாடு ஒருவனுக்கும் தொட்டி இன்னொருவனுக்கும் போய்விட்டது. மற்றவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏழில் ஒழுங்காக எரிந்தவை இரண்டே இரண்டு. வாலாஜாபாத் பக்கம் ஒன்று. இன்னொன்று திருப்பருத்திக்குன்றத்தில் சக்ரவர்த்தி நயினார் வீட்டில்.

நயினாருக்கு ஆறு மாடு, நான்கு ஏக்கர் நஞ்சை. வாயைத் திறந்தால் எருவைப் பற்றித்தான் பேசுவார். வரட்டி தட்டி எரித்தால் சாணி சாம்பலாகிப் போகிறது, இந்தத் தொட்டியில் போட்டால் கேஸ் தனியாகவும் எரு தனியாகவும் கிடைக்கிறது என்று நான் சொன்னதும் உடனே கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி மருதேவிக்கு எருவில் அக்கறையில்லை. அவளுக்கு வேறு காரணம் இருந்தது.

விறகை அடுப்பில் வைப்பதற்கு முன் தரையில் தட்டி, பொந்து இருக்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டு வைப்பது அந்த ஊர் ஜைன வீடுகளில் வழக்கம். உள்ளே இருக்கும் பூச்சி புழு வெந்துவிடக் கூடாது. போன வருஷம் புரட்டாசியில் ஒரு புளியங்கட்டையை அப்படித் தட்டித்தான் வைத்திருக்கிறாள். ஒரு முனை பற்றிக்கொண்டதும் மறுமுனையிலிருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தன. எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்று பார்க்காமல் கட்டையை இழுத்துப்போட்டாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. அதை என்னிடம் காட்டும்போது தன் வலியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. முட்டைகள் எவ்வளவு வெள்ளையாக இருந்தன என்றுதான் சொன்னாள்.

ஆடிப் பௌர்ணமி முதல் கார்த்திகைப் பௌர்ணமி வரை நான்கு மாதம் அவர்களுக்கு நோன்புக் காலம். மழையில் சின்னச் சின்ன உயிர்கள் பெருகும் காலம் என்பதால் கூடுதல் ஜாக்கிரதை. அந்த நான்கு மாதமும் தன் அடுப்பில் விறகோ வரட்டியோ வைப்பதில்லை என்று மருதேவி வர்த்தமானர் சந்நிதியில் விரதம் எடுத்துக்கொள்ள நினைத்திருந்தாள். என் தொட்டி எரியுமென்றால் எடுத்துக்கொள்வாள், இல்லையென்றால் இல்லை. சித்திரையில் எரிந்தது. நீலமாக, புகையில்லாமல், எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக எரிந்தது.

அன்றைக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நன்றாக எரிகிற அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு பி.எஸ்ஸி. படித்தவன் சும்மா இருப்பதாவது!

"உள்ள என்ன நடக்குது தெரியுமாம்மா? கோடிக்கணக்கான கிருமிங்க இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. சாணியைத் தின்னுட்டு கேஸை விடுது. அதைத்தான் நீங்க எரிக்கிறீங்க."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உயிரோட இருக்குதா சார்?"

"உயிரோடதான்."

"அடுப்பு எரியறப்போ சாகுதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே வார்த்தையில் என் தொட்டிக்கு நானே குழி பறித்திருப்பேன். "சேச்சே. கேஸ் மட்டும்தான் வெளிய வருது. அதுங்க தொட்டியிலேயே சௌக்கியமா இருக்கும். வேளைக்கு சாணி போட்டுக்கினு இருந்தீங்கன்னா பெருகிக்கினே போகும். ஒண்ணும் சாகாது."

ஒன்றும் சாகாது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் கிடையாது. அது சரக்கு விற்கிறவன் பேச்சு. அவள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தொட்டிக்குச் சாணி கரைத்து ஊற்றுவதை வேறு யாரிடமும் விடவில்லை. காலையில் ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை. "அதுங்களுக்குப் போட்டுட்டுதான் நான் சாப்பிடுவேன்" என்று நயினாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் இதை என்னிடம் ஒரு குறையாகச் சொன்னார். கேஸ் விளக்கு ஒன்றும் திட்டத்தில் இலவசமாக உண்டு. அதை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழுமாம்.

ஆனி மாதம் ஒருநாள் நான் அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மாடு எத்தனை, கன்று எத்தனை, தினசரி சாணி எத்தனை கூடை. போன ஐப்பசியில் மழை ஏமாற்றியதில் கிணறுகள் எல்லாம் அடியில் கிடந்தன. மருதேவி வந்து கேட்டாள்.

"சார், தொட்டிக்குக் கெணத்துத் தண்ணிதான் ஊத்தணுமா? காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தலாமா?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா? தண்ணி தண்ணிதானே" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஆவணி நடுவில் நயினாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'தாங்கள் வைத்த டிரம் பத்து நாளாக இறங்கி இன்று தரை தட்டிவிட்டது. அடுப்பு எரியவில்லை. விரதம் எடுத்தவள் பட்டினி கிடக்கிறாள். உடனே வரவும்.'

கேஸ் சேரச் சேர மேலே எழும்ப வேண்டிய இரும்பு டிரம் தொட்டிக்குள் அழுந்திக் கிடந்தது. மருதேவி பட்டினி என்று சொல்ல முடியாது. ஊறவைத்த அவலும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாள். நயினார் தம்பி வீட்டில் சாப்பிட்டார். அங்கிருந்து சோறு வந்தாலும் அவள் தொடவில்லை. அது விறகில் வெந்த சோறு. மண்ணெண்ணெய் ரேஷனில் விளக்குக்கே போதவில்லை. கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"கரியை யாரோ ஒருத்தன் சுட்டிருப்பான் இல்ல சார், பூச்சியோட?" என்றாள்.

அவலுக்கு நெல் வறுத்தவன் எதை எரித்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் விட்டிருப்பாள். நாற்பது வயதுக்கு மேல் ஆன பெண்பிள்ளை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டரை மாதம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

டிரம்மில் எங்காவது கசிவு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பற்றவைத்த ஓரங்களிலும் குழாய் மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி விடும். "கொஞ்சம் சோப்புத் தண்ணி கொடுங்கம்மா" என்றேன்.

மருதேவி வீட்டுக்குள் போகவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மூடியிருந்த அண்டாவில் ஒரு சொம்பு மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. விரலை விட்டுக் கலக்கினேன், நுரைத்தது.

"இது என்னம்மா?"

"ஏலவார்குழலி பட்டறைத் தண்ணி சார். பட்டு வெந்த தண்ணி. சோப்பு போட்டுத்தான் வேகவெக்கிறாங்க. உங்களுக்கு சோப்புத் தண்ணிதானே வேணும்?"

ஏலவார்குழலியின் சாயப்பட்டறை இரண்டு வயல் தள்ளிப் பிள்ளையார்பாளையம் போகும் வழியில் இருந்தது. பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அதன் பசையை எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் ஆறியதும் வாய்க்காலில் போகும்.

"இது எதுக்கு இங்க இருக்குது?"

"தொட்டிக்கு ஊத்தறதுக்கு. உங்களைக் கேட்டுக்கினுதான் செஞ்சேன் சார். நீங்க எந்தத் தண்ணியா இருந்தாலும் சரின்னீங்க."

பிறகு அவள் விளக்கிச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை அவர்கள் துணியில் வடிகட்டாமல் எதற்கும் புழங்குவதில்லை. வடிகட்டியபின் துணியில் தங்கிய சின்ன உயிர்கள் பிழைக்கும்படி அதைக் கிணற்றிலேயே திரும்ப அலசிவிட வேண்டும். தொட்டிக்கு வேளைக்கு நாலு குடம், கிணறோ பாதாளத்தில். எவ்வளவு அலசினாலும் துணியில் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்குமோ என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கொதித்த தண்ணீரில் உயிர் கிடையாது. அதுவும் தனக்காகக் கொதிக்கவைத்தது இல்லை, வீணாகப் போகிற தண்ணீர். ஆனி முதல் இரண்டு வேளையும் ஏலவார்குழலியிடமிருந்து வாங்கி ஊற்றியிருக்கிறாள். பட்டே கட்டாதவள் அவள். பட்டு நெய்கிற ஊர் ஓரத்தில் இருந்துகொண்டு, புழுவைக் கொன்று எடுக்கிற நூல் என்பதற்காகக் கல்யாணத்துக்கும் பருத்திச் சேலை கட்டியவள்.

இவ்வளவையும் அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சோப்பும் சோடா உப்பும் தினம் எட்டுக் குடம், இரண்டு மாதம். உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. கோடிக்கணக்கான கிருமிகள் என்று கை வீசிச் சொன்னவன் நான்தானே? ஒரு கட்டையிலிருந்து வந்த எறும்புக்காகக் கையைச் சுட்டுக்கொண்ட பெண்ணிடம் போய், உன் கையாலேயே கோடி உயிரைக் கொன்றுவிட்டாய் என்று எப்படிச் சொல்வது?

"என்ன சார், ஓட்டையா?" என்று நயினார் கேட்டார்.

"ஓட்டை இல்ல. இந்தத் தண்ணி இரும்புக்கு ஆகாது. துரு ஏறிக்கினு கேஸ் தங்காது. இனிமே கெணத்துத் தண்ணியே ஊத்துங்க" என்றேன்.

மருதேவி என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள இருக்கிறதுங்க?"

"தூங்குதுங்க" என்றேன்.

"தூங்குதுங்களா?"

"ஆமாம்மா. எழுப்பிடலாம்."

"சரி" என்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அலுவலகப் படிவத்தில் 'பழுதுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'தட்பவெப்ப மாறுதல்' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை.

மறுநாள் ஆள் வைத்துத் தொட்டியில் முக்கால்வாசியை இறைத்துக் குழியில் கொட்டினோம். மருதேவி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வாளி வரைக்கும் நின்று பார்த்தாள். வாலாஜாபாத் பக்கத்துத் தொட்டியிலிருந்து நல்ல கரைசலைத் தகரப் பீப்பாய்களில் நிரப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதை உள்ளே விட்டால்தான் கிருமி புதிதாகப் பிடிக்கும்.

"தூங்கறதுங்களை எழுப்பறதுக்கு எதுக்கு சார் வேற ஊர்லேர்ந்து?" என்று கேட்டாள்.

"துணைக்கு" என்றேன். இதையும் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்ததுதான்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்து, வடிகட்டி, துணியை அலசி, ஒவ்வொரு குடமாகக் கொண்டுவந்தாள். நயினார் கயிற்றை வாங்கப் போனால் கொடுக்கவில்லை. அவல் தின்கிற உடம்போடு வேளைக்கு நாலு குடம். இருபத்தைந்து நாள் ஆயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். வேறு ஆறு வீடுகள் என் பொறுப்பில் இருந்ததையே மறந்துவிட்டேன். போகும்போதெல்லாம் டிரம்மைத் தொட்டுப் பார்ப்பதும், அவளைப் பார்க்காமல் திரும்புவதுமாக இருந்தேன். ஒருநாள் மட்டும், "ஆபத்துக்கு ஒரு வேளை விறகு வெச்சா ஒண்ணும் ஆகாதும்மா. சாமி மன்னிச்சிடும்" என்று சொன்னேன்.

"எங்க சாமி மன்னிக்காது சார். தண்டிக்கவும் தண்டிக்காது. அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். நாமதான் தீத்துக்கணும்" என்றாள்.

புரட்டாசி பிறந்து எட்டாம் நாள் டிரம் ஒரு சாண் எழும்பியது. முதலில் வந்த கேஸ் எரியவில்லை, வெளியே விட்டோம். இன்னும் மூன்று நாள் கழித்துத் தீக்குச்சியைக் காட்டியபோது நீலமாகப் பற்றிக்கொண்டது. நயினார் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. மருதேவி அடுப்பை ஒருதரம் பார்த்துவிட்டு அணைத்தாள். "நாளைக்கு நீங்க இங்கதான் சாப்பிடணும். அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க" என்றாள். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை.

போனேன். சோறு, துவரம்பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். ஒரு மாதமாகச் சோற்றைப் பார்க்காதவள் சமைத்தது போலவே இல்லை. எல்லாம் அளவாக இருந்தது. எனக்கும் நயினாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். மணி ஐந்தே முக்கால் ஆகியும் அவள் இலை போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க சாப்பிடலையாம்மா?"

"இன்னிக்கு அஷ்டமி" என்று நயினார்தான் பதில் சொன்னார். "அஷ்டமியும் சதுர்த்தசியும் பட்டினிதானாம் சார். நோன்பு முடிஞ்சும் விடமாட்டாளாம். மூணு வருஷமாம். எதுக்குன்னு கேட்டா என்கிட்ட சொல்லமாட்டேங்கறா. நீங்க படிச்சவரு, நீங்களாவது கேளுங்க."

மருதேவி ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"தலையில பேனும் ஈரும் இருந்தா சோப்பு போட்டுத்தானே சார் தேய்க்கிறாங்க?" என்று கேட்டாள். கோபமில்லை, குரலும் உயரவில்லை. "நீங்க தூங்குதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தூங்கறதை எவனாவது வாளியில மொண்டு கொட்டுவானா?"

"நான் வேணும்னு சொல்லலைம்மா. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்..."

"நான் தாங்கறது என் பாடு. பட்டு வெந்த தண்ணி. அந்தப் பேரைக் கேட்டப்பவே எனக்கு பகீர்னு இருந்திருக்கணும். கொதிச்ச தண்ணி, பாவம் இல்லன்னு சோம்பேறித்தனமா நெனச்சிட்டேன். ஊத்தினது என் கை." கையை நீட்டினாள். தழும்பு தெரிந்தது. "ஆனா கேட்டுட்டுதான் ஊத்தினேன். தலையைக் கூட தூக்காம சரின்னீங்க. மனசுல ஆறு வருஷம்னு வெச்சேன். அதுல பாதி எனக்கு. உங்க பாதிப் பட்டினியை நான் இருக்க முடியாது சார். இருந்தா உங்க கணக்குல சேராது."

நயினார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கிருமி சாகும் பிறக்கும், அதற்குப் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் படித்த படிப்புக்கு அதுதான் சரி. வாயில் வரவில்லை.

"அந்தப் பொய்?" என்றேன்.

"அது எனக்கு சம்பந்தமில்லாதது" என்றாள். வெளியே வெயிலைப் பார்த்தாள். "பொழுது சாயப்போவுது. அதுங்க பசியோட இருக்கும். சாப்பிட்டுட்டு ரெண்டு குடம் இறைச்சுக் கொடுக்கறீங்களா? எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்குது."

நாலு குடமும் இறைத்தேன். குடத்தின் வாயில் துணியைப் போட்டு வடிகட்டினேன். பிறகு துணியைத் திருப்பிச் சின்ன வாளியில் வைத்து, தண்ணீர் மட்டம் வரை இறக்கி, மெதுவாக அலசினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது குடத்தில் அவசரமாக உதறினேன் என்று மறுபடி அலசச் சொன்னாள்.

ஆறு நாள் கழித்துச் சதுர்த்தசி வந்தது. வத்ஸலா மணை போட்டு இலையும் போட்டுவிட்டாள். நான் வேண்டாமென்றேன்.

"வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். கையில் கொண்டுவந்து கொடுத்ததுபோல் ஒரு பதில். ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது, மோரும் சுக்குமாகக் கரைத்துக் கொடுத்திருப்பாள்.

"வயிறு நன்னாத்தான் இருக்கு. இனிமே அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் நான் சாப்பிடறதில்லை. மூணு வருஷத்துக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏகாதசிக்கே ரவா உப்புமா கேட்கிற ஆள் நான். "மூணு வருஷமா? அப்படி யாரைக் கொன்னேள்?"

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு மெல்ல நின்றது.

"எத்தனைன்னு தெரியலை" என்றேன்.